சோறு தெருவைக் கடந்த வரலாறு: பெரார்கஞ்சின் கடைகளும் பண்டிகைப் பந்திகளும்

‘கஞ்ச்’ என்பது பாரசீகத்தில் கருவூலத்தையும் களஞ்சியத்தையும் குறித்த சொல். இந்துஸ்தானிக்கு வந்தபின் அது தானிய மண்டிக்கும் கடைத்தெருவுக்கும் பெயராயிற்று. தில்லியின் தரியாகஞ்ச், லக்னோவின் ஹஸ்ரத்கஞ்ச் ஆகியவை அவ்வழியில் வந்த பெயர்கள். தென் அந்தமானின் பெரார்கஞ்சும் அவ்வகையைச் சேர்ந்ததே. 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் பெராரின் பெயரை அவ்வூர் தாங்கியுள்ளது. ‘பெராரின் கடைத்தெரு’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அந்தமானைப் பற்றிய சுற்றுலா வெளியீடுகள் தவறாமல் எடுத்தாளும் தொடர் ‘மினி இந்தியா’ என்பது. வங்காளியரின் துர்க்கா பூசைப் பந்தலில் தமிழர் உண்பதும், தமிழர் பொங்கலுக்குத் தெலுங்கர் வருவதும், மாப்பிள்ளை முஸ்லிம் வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் போவதும் அத்தொடருக்குச் சான்றாகக் காட்டப்படும். அக்காட்சிகள் பொய்யல்ல. ஆனால் அவற்றை மக்களின் இயல்பான நல்லெண்ணம் என்று சொல்லி முடித்துவிட்டால் வரலாறு மறைந்துவிடும். பெரார்கஞ்ச் வட்டாரத்தில் யார் யாருக்கு அண்டை வீட்டார் ஆவது என்பதை முதலில் தீர்மானித்தது அரசு. அந்த அண்டை வீட்டாரோடு உண்பதா, எதை உண்பது, எங்கே அமர்ந்து உண்பது என்பவற்றை மக்கள் பின்னர் தமக்குள் தீர்த்துக்கொண்டனர். முன்னதற்கு அரசு ஆவணங்கள் உண்டு. பின்னதற்கு அடுக்களைகளும் கடைத்தெருவும் பண்டிகைப் பந்திகளுமே ஆவணங்கள்.

1. ஊர்ப்பெயர்கள் சொல்லும் செய்தி

தென் அந்தமானின் வரைபடமே ஒரு குடியேற்றப் பதிவேடு. விம்பர்லிகஞ்ச், கேடல்கஞ்ச், பெரார்கஞ்ச் ஆகியவை அதிகாரிகளின் பெயரோடு இந்துஸ்தானிச் சொல் ஒட்டியவை. டெம்பிள் மியோ, ரைட் மியோ ஆகியவற்றில் அதே அதிகாரப் பெயர்களோடு நகரத்தைக் குறிக்கும் பர்மியச் சொல் சேர்ந்துள்ளது. திரூர், மஞ்சேரி, மன்னார்காடு, காலிகட் என்னும் பெயர்கள் மலபாரிலிருந்து கப்பலேறி வந்தவை.

ஒவ்வொரு பெயர்க்கூட்டத்துக்கும் பின்னால் ஓர் ஆண்டு இருக்கிறது. 1921 மலபார் கிளர்ச்சிக்குப்பின் தண்டனை பெற்ற நூற்றுக்கணக்கான மாப்பிள்ளைகள் 1922 முதல் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஐக்கிய மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் முத்திரை குத்தப்பட்ட பாந்து மக்கள், 1926இல் சால்வேஷன் ஆர்மியின் பொறுப்பில் அழைத்துவரப்பட்டுப் பெரார்கஞ்ச், கேடல்கஞ்ச் முதலிய இடங்களில் அமர்த்தப்பட்டனர். 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணமான அதே சட்டம்தான் அது என்பது தமிழ் வாசகர் நினைவில் கொள்ளத்தக்கது. சோட்டாநாக்பூர்ப் பழங்குடியினர் 1918 முதல் காடு வெட்டும் கூலிகளாக வந்தனர். ‘ராஞ்சி’ என்னும் ஒரே பொதுப்பெயருக்குள் பல குடிகள் அடக்கப்பட்டன. நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்காள அகதிகள் 1949 முதல் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நாமசூத்ர உழவர்கள். தமிழரும் தெலுங்கரும் துறைமுகப் பணி, கட்டுமானம், வணிகம், அரசு வேலை எனப் பல வழிகளில் வந்து சேர்ந்தனர்.

இவர்களுள் எவரும் தமக்குரிய அண்டை வீட்டாரைத் தேர்ந்துகொள்ளவில்லை. கைதி, குற்றப்பரம்பரை, கூலி, அகதி என்னும் அரசு வகைகளே தெருக்களை அமைத்தன. அவ்வகைகளுக்கிடையே சமத்துவமும் இருக்கவில்லை. அகதிகளுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அந்நிலத்துக்காகக் காட்டை வெட்டிய ராஞ்சித் தொழிலாளர் பலருக்கு அது வாய்க்கவில்லை. பிலிப் ஸெமிஷ் 2017இல் வெளியிட்ட ‘மினி இந்தியா’ என்னும் நூல் அத்தொடரையே தலைப்பாக வைத்துக்கொண்டு இந்த ஏற்றத்தாழ்வை ஆராய்கிறது. பண்டிகைப் பந்தியைப் பற்றிப் பேசும்போது இந்த நிலக்கணக்கை மறக்கலாகாது.

2. கைதியின் சோறு

1858 மார்ச் 10ஆம் நாள் மருத்துவர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு அந்தமானில் இறங்கினார். அதற்கு முன்பே பெருநிலத்துச் சிறைகளில் உணவு பெரும் பூசலுக்குரிய பொருளாகிவிட்டிருந்தது. கைதி தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளும் வழக்கத்தை நீக்கி, 1840களில் பொதுச் சமையலைக் கொண்டுவர வங்காள மாகாண அரசு முயன்றபோது பீகார்ச் சிறைகளில் கலகம் மூண்டது. 1855இல் பித்தளைச் செம்புகளைப் பறித்து மண்கலங்களைக் கொடுத்தபோது ஆரா, முசாபர்பூர் சிறைகளில் மீண்டும் கலகம் எழுந்தது. சமைத்தவன் யார், எந்தக் கலத்தில் உண்பது என்பவை சாதியையும் சமயத்தையும் காக்கும் வேலிகளாக இருந்தன.

கடலைக் கடப்பதே சாதியிழப்பு என்று கருதப்பட்ட காலத்தில், கடல் கடந்த சிறையில் அவ்வேலிகள் முற்றும் சரிந்துவிடவில்லை. 1911 முதல் 1921 வரை செல்லுலார் சிறையில் இருந்த சாவர்க்கர், மாற்றுச் சமயத்தார் கையால் உண்ட இந்துக் கைதி தன் சமயத்தையே இழந்துவிட்டதாக மற்றவர்கள் கருதிய நிலையைத் தம் சிறை நினைவுகளில் எழுதியுள்ளார். அத்தகையோரை மீண்டும் சேர்த்துக்கொள்ள அவர் சிறைக்குள் சுத்திச் சடங்குகளில் ஈடுபட்டார். ஒரு கவளம் சோறு ஒருவரின் சமயத்தையே மாற்றிவிடும் என்று கருதப்பட்ட இடத்தில், சேர்ந்துண்பது எளிய செயலாக இருந்திருக்க முடியாது.

மாற்றம் சிறைச்சுவருக்கு வெளியே தொடங்கியது. குறித்த காலம் தண்டனை அனுபவித்து நன்னடத்தைச் சீட்டுப் பெற்ற கைதிகள் நிலம் உழுதும் தொழில் செய்தும் தற்சார்பாக வாழ அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் பெண் கைதிகளை மணக்கவும் இசைவு உண்டு. சாதியும் சமயமும் பொருந்துகின்றனவா என்று அதிகாரிகள் பார்க்க முயன்றனர். ஆனால் பெண் கைதிகளின் எண்ணிக்கை குறைவு. பஞ்சாபும் வங்காளமும் சென்னை மாகாணமும் ஒரே ஊரில் கலந்திருந்தன. நுணுக்கமான சாதிப் பொருத்தம் நடைமுறையில் நிற்கவில்லை. அம்மணங்களின் வழிவந்தோரே ‘லோக்கல் பார்ன்’ எனப்படும் சமூகத்தினர். இந்துஸ்தானி அவர்களின் பொதுமொழி. சதத்ரு சென், கிளேர் ஆண்டர்சன், அபர்ணா வைதிக் ஆகியோரின் ஆய்வுகளை இங்கே மாணவர்கள் சேர்த்துப் படிக்கலாம்.

ஊரில் ஒருவர் வீட்டுச் சோற்றை இன்னொருவர் உண்ணலாமா என்று தீர்ப்புச் சொல்லச் சாதிப் பஞ்சாயத்து வேண்டும். வழிவழியாக வந்த புரோகிதரும் சமையற்காரரும் வேண்டும். ‘நம்மவர்’ போதிய எண்ணிக்கையில் வேண்டும். தண்டனைக் குடியேற்றம் இம்மூன்றையும் வலுவிழக்கச் செய்தது. அதன் நோக்கம் சமத்துவம் அன்று, உழைப்பும் கட்டுப்பாடுமே. ஆயினும் அதன் விளைவுகளுள் ஒன்றாக உடனுண்ணல் அமைந்தது.

3. அதே ஆண்டுகளில் தமிழகத்துப் பந்தி

பெரார் தலைமை ஆணையராக இருந்த அதே ஆண்டுகளில் தமிழகத்தில் நடந்தவற்றை ஒப்புநோக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும். 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது பெரும் அரசியல் புயலாயிற்று. வ.வே.சு. ஐயர் நடத்திய அப்பள்ளியைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் முன்னின்றனர். ரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த பிராமணர், மற்றோர் என்னும் பிரிவினை 1941இல்தான் அகன்றது. உணவகப் பெயர்ப்பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் கழகத்தினர் மறியல் நடத்தினர்.

தமிழகத்தில் உணவுக்கடை என்பது பசியாறும் இடம் மட்டுமாக இருக்கவில்லை. யார் யாரோடு அமரலாம் என்னும் கேள்வி பொதுவெளியில் முதன்முதலாக எழுந்த இடங்களுள் அது ஒன்று. அங்கே மாநாடும் மறியலும் சட்டமும் தேவைப்பட்டன. அந்தமானில் அத்தகைய இயக்கம் நடைபெறவில்லை. நாடுகடத்தலும் இடம்பெயர்வும் தனிப்பந்திக்கு வேண்டிய அடித்தளத்தைத் தளர்த்தியிருந்தன. இயக்கத்தால் விளைந்த சமபந்திக்கும் இடப்பெயர்வால் நேர்ந்த சமபந்திக்கும் வேறுபாடு உண்டு. முன்னது தன்னை ஒரு கொள்கையாக அறிவித்துக்கொள்கிறது. பின்னது பழக்கமாகவே நின்றுவிடுகிறது. பழக்கம் ஆழமாக வேரூன்றும். ஆனால் சூழல் மாறும்போது அதைக் காக்க வாதங்கள் கைவசம் இருப்பதில்லை.

4. மூன்று துறைமுகங்கள், ஒரு கடைத்தெரு

லண்டன் டூட்டிங்கிலோ டொரான்டோ ஸ்கார்பரோவிலோ உள்ள தமிழ்க்கடையை அந்நாட்டார் ‘இனக்குழு உணவுக்கடை’ என்பர். அப்பெயருக்கு ஒரு பெரும்பான்மை உணவு தேவை. அதிலிருந்து விலகியதே இனக்குழு உணவு ஆகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழி அடிப்படையில் வங்காளியர் சுமார் 28 விழுக்காடு, இந்தி பேசுவோர் 19, தமிழர் 15, தெலுங்கர் 13, மலையாளியர் 7. எம்மொழியும் பாதியை எட்டவில்லை. ஆகவே இங்கு எந்த உணவும் வழமையான உணவு அன்று. எல்லாமே இனக்குழு உணவு, அல்லது எதுவுமே அன்று.

தீவின் கடைச்சரக்கைப் புரிந்துகொள்ளக் கப்பல் வழித்தடங்களைப் பார்க்கவேண்டும். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வருகின்றன. மூன்று துறைமுகங்களும் மூன்று சமையல் மரபுகளின் வாயில்கள். நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் ஒரே அலமாரியில் நிற்கும் மளிகைக்கடை, இட்லியும் ரொட்டியும் மீன்குழம்பும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் சிற்றுணவகம் ஆகியவை அவ்வழித்தடங்களின் விளைவு. கடைக்காரருக்கு இது சமயநல்லிணக்கம் பற்றிய செய்தி அன்று. ஒரு மொழியாரை மட்டும் நம்பினால் சிற்றூரில் கடை நடக்காது என்பதே அவர் கணக்கு. வங்காளி வாடிக்கையாளரின் பூசை நாளையும் தமிழ் வாடிக்கையாளரின் தைப்பொங்கலையும் முன்கூட்டியே அறிந்து சரக்கு வருவிக்கவேண்டியவர் அவர். அண்டை வீட்டாரின் பண்டிகை நாள்காட்டியைப் பிழையின்றி மனப்பாடமாக வைத்திருப்பவர் ஊரில் ஒருவர் உண்டென்றால் அவர் பெரும்பாலும் மளிகைக்கடைக்காரர்தான்.

கப்பலை நம்பிய வாழ்வின் மறுபக்கம் பசி. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றியபின் பெருநிலத் தொடர்பு அறுந்தது. அரிசி அருகியது, கிழங்கு பயிரிடுமாறு மக்கள் நெருக்கப்பட்டனர். 1945 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கானோர், பயிரிட அழைத்துச்செல்வதாகச் சொல்லப்பட்டுக் கப்பலேற்றப்பட்டு ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டனர். மிகச் சிலரே பிழைத்தனர். இத்தீவுகளில் ஒருவருக்கு ஒருவர் சோறிடுவதன் பொருளை அந்த மூன்றரை ஆண்டுகளைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது.

5. ஒரே நாளின் மூன்று அரிசிப் பண்டங்கள்

வட இந்திய உணவுமுறையில் நீரில் வெந்த ‘கச்சா’ உணவுக்கும் நெய்யில் பொரித்த ‘பக்கா’ உணவுக்கும் வேறுபாடு உண்டு. பொரித்தது சாதி எல்லையை எளிதாகக் கடக்கும். வெந்த சோறு கடக்காது. மெக்கிம் மாரியட் 1968இல் இதை விரிவாக ஆராய்ந்தார். தமிழர் வழக்கிலும் இதன் சாயல் தெரியும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தெருவெங்கும் போகும். சோறு போவது அரிது. பலகாரத் தட்டு மரியாதையின் அடையாளம். இலைச்சோறு உறவின் அடையாளம். எனவே அண்டை வீட்டாரின் பண்டிகையில் பங்குகொள்வதை அளக்கவேண்டுமானால் இனிப்பை எண்ணிப் பயனில்லை. வெந்த சோறு எவ்வளவு தொலைவு போயிற்று என்று பார்க்கவேண்டும்.

இவ்வளவுகோலுக்குப் பெரார்கஞ்ச் வட்டாரத்தின் பண்டிகைகள் நல்ல தரவு. துர்க்கா பூசையின் பொதுப்பந்தல் ‘சர்வஜனீன’ பூசை எனப்படும். எல்லா மக்களுக்கும் உரியது என்பது பொருள். செல்வர் வீட்டுப் பூசைக்கு மாற்றாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் பரவிய முறை அது. அங்கே படைக்கப்படும் போகத்தில் முதன்மையானது அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த கிச்சுடி. வந்தோர் அனைவரும் வரிசையில் அமர்ந்து உண்பர். முருகன் கோயில்களின் பங்குனி உத்திர அன்னதானமும் வெந்த சோறே. நாமசூத்ர உழவரின் கிச்சுடியைத் தமிழர் உண்பதும், தமிழர் அன்னதானத்தில் வங்காளியர் அமர்வதும் பெருநிலத்தின் பழைய அளவுகோல்படி சிறு செய்திகள் அல்ல.

ஜனவரி நடுவில் வரும் நாள் இன்னும் செறிவானது. தமிழருக்கு அது பொங்கல், தெலுங்கருக்குச் சங்கராந்தி, வங்காளியருக்குப் பௌஷ சங்கராந்தி. மூவரும் அரிசியையும் வெல்லத்தையும் கொண்டே அந்நாளை நிறைக்கின்றனர். ஒருவர் பாலில் பொங்குகிறார். ஒருவர் மாவாக்கி வெல்லப்பாகில் பிசைந்து அரிசெலுவாகப் பொரிக்கிறார். ஒருவர் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பிட்டே சுடுகிறார். தெலுங்கரின் அரிசெலு தமிழரின் அதிரசத்துக்கு உடன்பிறப்பு. அண்டை வீட்டுத் தட்டில் வந்த பண்டத்தைப் பார்க்கும் பெண், அது தன் வீட்டுப் பண்டத்தின் வேறொரு வடிவம் என்பதைக் கைப்பக்குவத்தாலேயே அறிந்துகொள்வாள்.

அப்பண்டிகைக்குரிய ‘புத்தரிசி’ இன்று பெரும்பாலும் கடையரிசிதான். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தது. தாழ்நில வயல்கள் பலவற்றுள் கடல்நீர் புகுந்து நிலைத்தது. உழவர் பண்டிகை, உழவு குறைந்த இடங்களிலும் கப்பல் அரிசியைக் கொண்டு தொடர்கிறது.

முஸ்லிம், கிறித்தவ அண்டை வீட்டாரைப் பொறுத்தவரை வேறொரு நுட்பம் தேவைப்படுகிறது. தெய்வத்துக்குப் படைத்த உணவைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் நீண்ட விவாதம் செய்கிறார். இஸ்லாத்திலும் பிற தெய்வத்தின் பெயரால் அறுக்கப்பட்டது விலக்கு. பலர் படையலை உண்பர், சிலர் உண்ணார். தமிழ் வீடுகளில் இதற்கு நெடுங்காலமாக ஒரு தீர்வு உண்டு. படைப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து மூடிவைத்து, ‘இது சாமிக்குக் காட்டாதது’ என்று சொல்லிக் கொடுப்பர். மரக்கறி உண்ணும் வீட்டுக்குப் பெருநாளன்று சமைத்த பிரியாணிக்கு மாற்றாகப் பழமோ இனிப்போ கொடுத்தனுப்பும் முஸ்லிம் வீடுகளின் வழக்கமும் இதற்கு இணையானது. அண்டை வீட்டாரின் விலக்கை நினைவில் வைத்துத் தன் சடங்கின் வரிசைக்குள்ளேயே அவருக்கு இடம் ஒதுக்குவது, வேறுபாடு இல்லை என்று பாவிப்பதைவிடக் கடினமானது; நிலையானதும்கூட. மலேசியாவின் தீபாவளித் திறந்த இல்ல விருந்துகளில் முஸ்லிம் விருந்தினருக்காக ஹலால் உணவு வைக்கப்படுவதும் இவ்வறத்தின் மற்றொரு வடிவமே.

6. பந்தியின் எல்லை

பெரார்கஞ்ச் வட்டத்தின் வடக்கில் ஜிர்க்காடாங் சோதனைச்சாவடி. அதற்கப்பால் 1957இல் அறிவிக்கப்பட்ட ஜாரவா காப்பகம். மேலே சொன்ன எல்லாக் குடியேற்றங்களும் காட்டை வெட்டி அமைந்தவை. அக்காட்டில் முன்பே மக்கள் வாழ்ந்தனர். பெரார்கஞ்சின் மிகப் பழைய அண்டை வீட்டார் அவர்களே. பந்தியில் இடம்பெறாதவரும் அவர்களே.

அவர்களுக்கு உணவு கொடுக்கப்படாமல் இல்லை. 1863இல் ராஸ் தீவில் ஹென்றி கார்பின் தொடங்கிய ‘அந்தமான் இல்லங்கள்’ பேரந்தமானியரை உணவாலும் புகையிலையாலும் ஈர்த்தன. நோய்கள் பரவின; 1877இன் தட்டம்மை பேரழிவு விளைவித்தது. 1974 முதல் அரசுக் குழுக்கள் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுசென்று ஜாரவாக்களோடு நட்புத் தொடர்பு ஏற்படுத்தின. 1997க்குப்பின் ஜாரவாக்கள் தாமாகவே குடியேற்றங்களுக்கு வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அந்தமான் நெடுஞ்சாலையில் சென்ற சுற்றுலாப் பயணிகள் ஊர்தியிலிருந்து பிஸ்கட்டும் பழமும் எறிந்து அவர்களை ஆடச்சொன்ன காட்சிகள் 2012இல் உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயின. இன்று அச்சாலையில் வண்டியை நிறுத்துவதும் படம்பிடிப்பதும் உணவு கொடுப்பதும் தடைசெய்யப்பட்டவை.

உடனுண்ணலுக்கும் உணவெறிதலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. பண்டிகைத் தட்டு வெறுங்கையாகத் திரும்பாது. இன்று போன தட்டு, அவர் பண்டிகையன்று அவர் வீட்டுப் பண்டத்தோடு திரும்பி வரும். திரும்பி வரும் என்னும் எதிர்பார்ப்பே இரு வீட்டாரையும் சமமாக்குகிறது. ஊர்தியிலிருந்து எறியப்பட்ட பழத்துக்கு அத்தகைய மறுவரவு இல்லை. அங்கே உணவு கொடாதிருப்பதே அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

7. ஆய்வு மாணவர்களுக்கு

அரசு ஆவணங்களில் ரேஷன் அளவு இருக்கும். உணவின் சுவையும் அதை உண்டவரின் உறவும் இரா. அவற்றுக்கு வேறு ஆவணங்கள் வேண்டும். பூசைக்குழுக்களின் சந்தாப் புத்தகங்களில் எந்தெந்தச் சமயத்தார் பெயர்கள் எந்த ஆண்டு முதல் வருகின்றன என்று பார்க்கலாம். மளிகைக்கடைகளின் பழைய கணக்கு நோட்டுகளில் பண்டிகைக் காலக் கொள்முதலை வரிசைப்படுத்தலாம். பாந்து, ராஞ்சி, மாப்பிள்ளை, வங்காளி, தமிழ்க் குடும்பங்களின் மூத்த பெண்களிடம், யார் வீட்டுக்கு எதை அனுப்பினீர்கள், எதை அனுப்பவில்லை, ஏன் என்று கேட்டுப் பதிவுசெய்யலாம். இரண்டாம் கேள்வியே முதன்மையானது. எதை அனுப்பவில்லை என்பதில்தான் எல்லைகள் இருக்கின்றன.

1949இல் குழந்தைகளாக வந்திறங்கியோர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டனர். அவர்களின் தாய்மார் புதிய ஊரில் முதல் பிட்டே சுட்டபோது தேங்காய் எங்கிருந்து வந்தது, அரிசியை யார் இடித்துக் கொடுத்தார், தட்டு முதலில் எந்த வீட்டுக்குப் போயிற்று என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. இப்பணி அவர்கள் இருக்கும்போதே நடக்கவேண்டும்.